பால் குடிக்காத பாம்பும் பாஞ்சாலியின் கடையும்

பால் விற்கிற ஒருத்தி, புற்றில் ஊற்றும் அந்தப் பாலைப் பாம்பு குடிக்காது என்று தன் கடை வாசலிலேயே எழுதி வைத்தால், அவளை என்னவென்று சொல்வது? கிறுக்கு என்று சொல்லிவிட்டுப் போகலாம். பலர் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் இருபது வருடத்துக்கு மேல் அவளோடு குடித்தனம் நடத்திய விருத்தாசலத்துக்கு விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. கிறுக்காக இருந்தால் குழம்பில் உப்பாவது கூடக் குறைய இருந்திருக்கும்.

விழுப்புரத்திலிருந்து வளவனூர் போகும் சாலையில், கட்டிடங்கள் முடிந்து கரும்பு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு புற்று மாரியம்மன் கோயில் இருக்கிறது. அம்மன் சன்னதி சின்னது. அதற்குப் பின்னால் இருக்கும் புற்று ஆள் உயரம். மஞ்சளும் குங்குமமும் பூசிப் பூசி அது மண்ணா சிலையா என்று சொல்ல முடியாதபடி ஆகியிருந்தது. கோயில் மதிலை ஒட்டி, கோயிலுக்குச் சொந்தமான இடத்தில், பாஞ்சாலி டீக்கடை போட்டிருந்தாள். ஆடி மாதம் வந்தால் டீயைவிடப் பால் பாக்கெட்டும் முட்டையும்தான் அதிகம் ஓடும். வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் வரிசையில் நின்று புற்றுக்குப் பால் ஊற்றுவார்கள். கல்யாணம் கூடிவர, குழந்தை பிறக்க, ஜாதகத்தில் இருக்கும் நாகதோஷம் கழிய. புருஷன் விருத்தாசலம், விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவன். வரத்து இல்லாத நாட்களில் கடையில் நிற்பான்.

கடையில் ஒரு கரும்பலகை உண்டு. அதற்கு முன்னால் அங்கே கடை வைத்திருந்தவர் மாட்டிவிட்டுப் போனது. அவர் தினமும் காலையில் அதில் ஒரு பொன்மொழி எழுதுவார். கடையோடு பலகையும் பாஞ்சாலி கைக்கு வந்தது. அவர் கடைசியாக எழுதியிருந்ததை ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பொறுத்துப் போ, அடங்கிப் போ, வாய மூடிக்கினு போ. மனுஷன் இதையே மாத்தி மாத்தி எழுதியிருக்கறாரு" என்று சொல்லி, ஈரத்துணியால் துடைத்தாள். அன்று வடை மடிக்க வந்த காகிதக் கட்டில் ஏதோ ஒரு பிள்ளையின் கிழிந்த பாடப் புத்தகம் இருந்தது. அதைப் பார்த்து எழுதினாள்: "யானையால் குதிக்க முடியாது."

டீ குடிக்க வந்தவர்கள் அதைப் படித்தார்கள். பொன்மொழியை யாரும் படித்ததில்லை. ஒருவன், "குதிக்க வோணாம்க்கா, அது நடந்தாலே போதும்" என்றான். மறுநாள் என்ன எழுதப் போகிறாள் என்று பார்ப்பதற்காகவே இரண்டு பேர் கூடுதலாக வந்தார்கள். பூனைக்கு இனிப்பின் ருசி தெரியாது. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். நம்மைக் கடிப்பது பெண் கொசு மட்டும்தான். ஆண் கடற்குதிரைதான் குட்டிகளைச் சுமந்து பெறும்.

கடற்குதிரை எழுதிய அன்று கடையில் பெரிய சிரிப்பு.

"அப்ப பொம்பள கடற்குதிர என்னா பண்ணும்?"

"உன்னாட்டம் டீக்கடயில குந்திக்கினு ஊர் கத பேசும்" என்றாள் பாஞ்சாலி.

பத்தாவதோடு படிப்பை விட்டவள். மகள் கலைமதி புதுச்சேரியில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்கிறாள். இரவு போனில் பேசும்போது பாஞ்சாலி, "ஒண்ணு பாத்துச் சொல்லு" என்று கேட்பாள். கலைமதி எதையாவது தேடிப் படித்துக் காட்டுவாள். அவ்வளவுதான் பாஞ்சாலியின் கல்வி. அதில் ஞானம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கேட்டதை எழுதினாள். சில சமயம் தப்பாகவும் எழுதினாள்.

ஒருமுறை, ஒட்டகம் தன் திமிலில் தண்ணீர் சேர்த்து வைத்திருக்கும் என்று எழுதினாள். வடக்கே எங்கிருந்தோ கல் ஏற்றி வந்த லாரி டிரைவர் ஒருவன், பலகையில் என்ன இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தான். தன் தொப்பையைக் கொத்தாகப் பிடித்துக் காட்டி, இதுதான் திமிலில் இருக்கிறது என்று சைகை செய்தான். அன்று இரவு மகளிடம் கேட்டாள். அவன் சொன்னது சரி. மறுநாள் காலை பலகையில் வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது: "நேற்று எழுதியது தப்பு. ஒட்டகத்தின் திமிலில் இருப்பது கொழுப்பு. தண்ணீர் இல்லை."

விருத்தாசலத்துக்கு எரிச்சலாக இருந்தது. "யாரு இப்ப கேட்டா? நேத்து படிச்சவன் நேத்தே மறந்துட்டிருப்பான்."

"நான் மறக்கலயே."

பாம்பின் பக்கம் அவள் எப்படிப் போனாள் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. புற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் என்றைக்காவது பாம்பைப் பற்றிக் கேட்கத்தானே செய்வாள்? பாம்புக்குக் காதுத் துளை கிடையாது, தரையின் அதிர்வை உடம்பால் உணரும் என்று முதலில் எழுதினாள். புற்றைக் கட்டுவது கரையான்தான், பாம்பு அல்ல என்று எழுதினாள். ஆனி மாதக் கடைசியில், சாரைப்பாம்புகள் இரண்டு பின்னிக்கொண்டு நிமிர்ந்து நிற்பது பெரும்பாலும் இணை சேர்வதல்ல, அது இரண்டு ஆண் பாம்புகளின் சண்டை என்று எழுதினாள். அதைப் படித்த ஒரு கரும்பு மேஸ்திரி பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார். பின்னிக்கொண்டிருந்த பாம்புகளின் மேல் புது வேட்டியைப் போட்டு, அதை எடுத்து மடித்து, அதிர்ஷ்டம் என்று பீரோவில் வைத்திருந்தவர் அவர்.

"அப்ப ரெண்டு ஆம்பளைங்க சண்டைக்கா என் புது வேட்டிய போட்டு மூடனேன்?"

"எடுத்துக் கட்டிக்கோங்க மேஸ்திரி. வேட்டி என்னா பாவம் பண்ணுச்சி" என்றாள் அவள்.

இதுவரை யாருக்கும் கோபமில்லை. ஆடி முதல் வெள்ளி வந்தது. பால் பாக்கெட் பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு, அவற்றுக்கு நேர் மேலே இருந்த பலகையில் எழுதினாள்: "பாம்பு பால் குடிக்காது. அது எலி, தவளை தின்னும் பிராணி. பால் அதன் வயிற்றுக்கு ஆகாது."

முதலில் படித்தது பக்கத்தில் பூ விற்கும் கோவிந்தம்மாள். "அடியே, கல்யாணமாகி எத்தன வருஷம் வயிறு தெறக்காம இருந்த? இதே புத்துக்குப் பாலு ஊத்தித்தானடி கலைமதி பொறந்தா? நன்றி கெட்டவளே!"

"ஊத்தனது நானு. பெத்ததும் நானு. நடுவுல பாம்பு என்னா பண்ணுச்சி?"

"வாயப் பாரு. ஆத்தா வாசல்ல குந்திக்கினு பேசற பேச்ச பாரு."

"ஆத்தாள நான் ஒண்ணும் சொல்லல. தெனம் அவளுக்கு வெளக்கேத்திட்டுத்தான் அடுப்பப் பத்த வெக்கறேன். ஆத்தாளுக்கும் பாம்பு வயித்துக்கும் என்னாக்கா சம்பந்தம்?"

பால் வாங்க வந்த பெண்களும் விடவில்லை. "குடிக்காதுன்னு நீயே எழுதிக்கினு நீயே விக்கறியேக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வோணாம்னா எடுத்துக்கினு போயி உன் புள்ளைங்களுக்குக் காய்ச்சிக் குடு. நான் பாலுதான் விக்கறேன். பாம்புக்கு வக்கீலு இல்ல."

அன்று மதியம் கோயில் தர்மகர்த்தா திருமுருகன் வந்தார். கோயிலுக்கு நிலம் கொடுத்த குடும்பம். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. கூழ் வார்க்கும் நாளில் தானே அண்டா தூக்குகிறவர். பெஞ்சில் உட்கார்ந்து டீ வாங்கி இரண்டு வாய் குடித்த பிறகுதான் பேச்சை எடுத்தார்.

"இந்தாம்மா பாஞ்சாலி. நீ எழுதறத நானும் தெனம் படிச்சிக்கினுதான் இருக்கறேன். நல்லாத்தான் இருக்குது. ஆன எழுது, புலி எழுது, யாரு வோணாம்னா? இந்த ஆடி ஒரு மாசம் மட்டும் பாம்ப விட்டுடு."

"ஆடியிலதாங்க பாம்புக்குப் பால் ஊத்தறாங்க. தையில எழுதி யாருக்குங்க?"

"எங்கம்மா அந்தக் காலத்துல இருந்து ஊத்தனவங்க. அவங்க ஊத்தனது வீணா?"

"அவங்க கும்புட்டது வீணுன்னு நான் எழுதலீங்க. பாம்பு குடிக்காதுன்னுதான் எழுதியிருக்கறேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அதில் பாதி டீ இருந்தது. விருத்தாசலத்துக்கு அந்தப் பாதி டீ நல்லதாகப் படவில்லை.

மறுநாள் காலை பலகை துடைத்துக் கிடந்தது. பாஞ்சாலி திரும்ப எழுதினாள். மதியம் பாத்திரம் கழுவப் பின்பக்கம் போய்விட்டு வருவதற்குள் யாரோ மறுபடி துடைத்திருந்தார்கள். திரும்ப எழுதினாள். இப்படியே சில நாள் ஓடியது. துடைப்பது யார் என்று அவள் தேடவில்லை. கோவிந்தம்மாளின் முந்தானையில் சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருந்ததை விருத்தாசலம் பார்த்தான். சொல்லவில்லை.

ஒரு காலை, "போயி வெள்ள பெயிண்ட் ஒரு டப்பா, சின்ன பிரஷ் ஒண்ணு, ஜல்தியா வாங்கினு வா" என்றாள்.

அவன் சைக்கிளில் போனான். கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தான். "பெயிண்ட் கட மூடிக் கெடக்குது."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கமிட்டியில எத்தன மூட்ட தூக்கற. ஒரு பொய்யத் தூக்க முடியல உன்னால."

அவன் திரும்பிப் போய் வாங்கி வந்தான். பலகை காய்ந்தபோது அந்த மூன்று வரியும் துடைக்க முடியாதவையாக ஆகியிருந்தன. அதற்குப் பிறகு வேறு விலங்குகளை எழுதப் பலகையின் அடியில் கொஞ்சம் இடம்தான் மிச்சம். அதிலேயே எழுதிக்கொண்டாள்.

திருமுருகன் இந்தமுறை நேரில் வரவில்லை. ஆள் விட்டுச் சொன்னார். வருகிற வெள்ளி உச்சிக்கால பூஜை முடிந்ததும் அம்மன் முன்னால் வந்து, கற்பூரம் ஏற்றி, எழுதியது தப்பு என்று பாஞ்சாலி சொல்ல வேண்டும். பலகையை அழித்துவிட வேண்டும். இல்லையென்றால் ஆடியோடு கடையைக் காலி செய்துகொள்ளலாம். கோயில் இடம், கோயில் முடிவு.

விருத்தாசலம் அன்று கமிட்டிக்குப் போகவில்லை. வீட்டில் அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"கட போனா எங்கடி போறது? என் இடுப்பு இன்னும் எத்தன சீசனு தாங்கும்? ஒரு பாம்புக்காக இந்தப் பேஜாரு நமக்குத் தேவையா? அந்தப் பாம்பு வந்து சாட்சி சொல்லுமா?"

"சொல்லாது. அதான் நான் சொல்றேன்."

"ஒரு வார்த்த. தப்புன்னு ஒரு வார்த்த. வாய்க்கு நோவுதா?"

"ஒட்டகத்துக்குச் சொன்னேனா இல்லியா? தப்பு பண்ணா நானே எழுதுவேன்யா, யாரும் கற்பூரம் ஏத்த வோணாம். இது தப்பில்ல. தப்பில்லாதத தப்புன்னு சொன்னா, அப்பறம் நான் எழுதற கடற்குதிரய யாரு நம்புவா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கடை போகப் போகிற நேரத்தில் கடற்குதிரையைப் பற்றிக் கவலைப்படுகிறவளை என்ன செய்வது? ஆனால் பிறகு யோசித்துப் பார்த்தபோது, அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை என்று தெரிந்தது. அந்தக் கடையில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். டீத்தூள் வியாபாரியுடையது, பால் கம்பெனியுடையது, இடம் கோயிலுடையது. பலகையில் இருந்த சொல் மட்டும் அவளுடையது.

வெள்ளிக்கிழமை உச்சிக்கால பூஜை முடிந்தது. பால் ஊற்ற வந்த பெண்கள் போகாமல் நின்றார்கள். சன்னதிக்கு முன்னால் கல்தரையில் பூசாரி ஒரு கற்பூர வில்லையை வைத்து ஏற்றினார். அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. வழக்கு என்று வந்தால், எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன பிறகு யாரும் மறுபேச்சுப் பேசக் கூடாது. பொய்யாக அணைத்தவனின் வம்சம் விளங்காது என்று எல்லோரும் நம்புகிறார்கள். அதனாலேயே நிலத் தகராறுகள்கூடப் பெரும்பாலும் கற்பூரம் வரை போகாமல் முடிந்துவிடும்.

"சொல்லும்மா" என்றார் திருமுருகன்.

பாஞ்சாலி முன்னால் வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"தாயே, இந்தப் புத்துல இருக்கற பாம்பு பால் குடிக்காது. இது சத்தியம்."

ஓங்கி அடித்தாள். கற்பூரம் அணைந்தது. புகை அவள் விரலிடுக்கில் வந்தது.

பெண்கள் கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். விருத்தாசலத்துக்குக் கலைமதியின் ஞாபகம் வந்தது. அவள் பாம்பை எங்கே பார்த்தாள்? போனில் மகள் படித்துக் காட்டியதை வைத்துக்கொண்டு, மகளின் தலைமேல் சத்தியம் செய்கிற மாதிரி அல்லவா இது? தப்பாக இருந்துவிட்டால், ஒட்டகத்துக்கு எழுதியது போல மறுநாள் எழுதித் தீர்க்க முடியுமா? பாம்பு பால் குடிக்காது என்பதை அவன் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டான். அம்மனை நம்புவதையும் விடவில்லை. இரண்டும் அவனுக்குள் இதுவரை சண்டையில்லாமல் இருந்தன.

பாஞ்சாலி பூசாரியைப் பார்த்தாள். "இன்னோரு வில்ல வைங்க சாமி."

அவர் என்ன செய்வதென்று தெரியாமல் திருமுருகனைப் பார்த்தபடியே வைத்து ஏற்றினார்.

"குடிக்கும்னு யாரு சொல்றாங்களோ அவங்க அணைக்கட்டுங்க. நீங்க அணைச்சாலும் சரி, வேற யாரு அணைச்சாலும் சரி. இப்பவே பெயிண்ட சொரண்டிட்டு, தப்புன்னு எழுதிட்டு, கடய எடுத்துக்கினு போயிடறேன்."

கற்பூரம் எரிந்தது. கோவிந்தம்மாள் தரையைப் பார்த்தாள். திருமுருகன் ஒரு அடி முன்னால் வைத்தார். குனிந்தார். கை பாதி தூரம் போனது. அங்கேயே நின்றது. பிள்ளைப் பருவத்திலிருந்து அவர் அந்தப் புற்றுக்குப் பால் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறார், தானும் ஊற்றியிருக்கிறார். ஆனால் குடிப்பதைப் பார்த்ததில்லை. தன் அம்மா சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். வேறொருவராக இருந்தால் கூட்டத்துக்கு முன்னால் வீம்புக்காவது அடித்து அணைத்திருப்பார். அவர் அப்படிச் செய்யாததை அந்த ஊர் பிறகு கோழைத்தனம் என்றது. விருத்தாசலத்துக்கு மட்டும், அன்று அங்கே நேர்மையாக நடந்துகொண்டவர்கள் இரண்டு பேர் என்று தோன்றியது.

வில்லை தானாக எரிந்து தீர்ந்தது. கல்லில் கரி மட்டும் இருந்தது. திருமுருகன் நிமிர்ந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். கடையைத் தாண்டும்போது, யாரையும் பார்க்காமல், "கட இருக்கட்டும்" என்றார்.

கடை இருந்தது. பலகையும் இருந்தது. அதனால் ஏதாவது மாறியதா என்று கேட்டால், இல்லை. அடுத்த வெள்ளியும் அதே வரிசை. பெண்கள் பலகையைப் படித்தார்கள், சிலர் சிரித்தார்கள், பாலை வாங்கினார்கள், ஊற்றினார்கள். சொல்லப்போனால் கற்பூரக் கதை பரவியதில் கூட்டம் கூடியிருந்தது. உண்மை எழுதப்பட்ட இடத்துக்கு நேர் கீழே வியாபாரம் அமோகமாக நடந்தது. பாஞ்சாலி அதைப் பற்றி அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. மிச்சமிருந்த இடத்தில், காக்கை தனக்குக் கெடுதல் செய்தவரின் முகத்தை வருடக்கணக்கில் நினைவு வைத்திருக்கும் என்று எழுதினாள். கோவிந்தம்மாள் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

கதை திண்டிவனம் வரை போயிருந்தது. ஆடி கடைசி வெள்ளியன்று காலை அங்கிருந்து ஜெகதீசன் என்ற ஆசிரியர் நான்கு பேரோடு வேனில் வந்து இறங்கினார். மூடநம்பிக்கைக்கு எதிராகக் கூட்டம் போடுகிறவர்கள். கையில் ஒரு சால்வை. மரியாதையான மனிதர். பலகையைப் படித்துவிட்டு, கண் கலங்கினாற்போல் நின்றார்.

"உங்கள மாதிரி ஒருத்தர் போதும்மா. திண்டிவனத்துல கூட்டம் வெச்சிருக்கோம். நீங்க வந்து பேசணும்."

"எனக்கு என்னாங்க பேச வரும். டீ குடிங்க."

சால்வையைப் போட்டார்கள். வாங்கிக்கொண்டாள். பால் வியாபாரத்துக்கு இடையே அதைத் தோளிலேயே போட்டிருந்தாள். போட்டோ எடுத்தார்கள். நின்றாள். விருத்தாசலத்துக்கு அன்று அவளைப் பார்க்கப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பக்கம் சன்னதி வாசலில் நின்ற திருமுருகன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் உச்சத்தில் இருந்தது. பாஞ்சாலி சால்வையைக் கழற்றி மடித்துப் பெஞ்சின் மேல் வைத்தாள். கையைக் கழுவித் துடைத்தாள். பெட்டியிலிருந்து ஒரு பால் பாக்கெட்டை எடுத்தாள். விற்பதற்கு இல்லை. அதன் மூலையைப் பல்லால் கிழித்து ஒரு சொம்பில் ஊற்றிக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு மதிலைச் சுற்றிப் போய், பெண்களின் வரிசைக் கடைசியில் நின்றாள்.

வரிசை திரும்பிப் பார்த்தது. ஜெகதீசன் டீ டம்ளரோடு எழுந்து நின்றார். திருமுருகன் படியிலிருந்து இறங்கினார். வரிசை மெல்ல நகர்ந்தது. யாரும் அவளுக்கு வழிவிடவில்லை, அவளும் முந்தவில்லை. தன் முறை வந்ததும் புற்றின் முன்னால் மண்டியிட்டுச் சொம்பைச் சாய்த்தாள். துவாரத்தில் ஊற்றினாளா, ஓரத்து மண்ணில் ஊற்றினாளா என்பது பின்னால் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டாள். எழுந்து வந்து வெறும் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காத்திருந்தவனுக்குப் பால் பாக்கெட் எடுத்துக் கொடுத்தாள்.

அவள் பயந்துவிட்டாள் என்று வேனில் வந்தவர்கள் நினைத்தார்கள். திருந்திவிட்டாள் என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். அப்படியென்றால் பலகையை அழித்திருக்க வேண்டுமே என்று இரண்டு தரப்புக்கும் தோன்றாமல் இல்லை. பெயிண்ட் வரிகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. அதில் அம்மனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஜெகதீசன் கிளம்பும்போது காரணம் கேட்டார். சாயங்காலம் திருமுருகன் கேட்டார். கோவிந்தம்மாள் இன்றுவரை கேட்கிறாள்.

விருத்தாசலம் அன்று கடையைச் சாத்தும்போது ஒரே ஒரு தடவை கேட்டான்.

"ஏன்டி ஊத்தன?"

அவள் கடையின் தகரக் கதவை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீ அந்தாண்ட புடி" என்றாள். "சேத்துத் தூக்கு. அடியில மாட்டுது."